நாகூர், சிக்கல், வேளாங்கண்ணி யாத்திரைக் கதை கேட்டோம். இங்கே சிங்கப்பூரில் ஒரு நாள் அப்படிப் போக வழி சொல்லுங்களேன்

ஈசூன் செயலாளர் எழுதியது:

வணக்கம். எங்கள் சேவைச் சங்கத்தின் மாதக் கூட்டம் என்றால் பொருளாளர் கணக்கு வாசிப்பார், அப்புறம் பிரியாணிப் பொட்டலம், அப்புறம் ஆளாளுக்கு பஸ் பிடிக்க ஓட்டம். போன மாதம் யாரும் ஓடவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர், மனைவி, பக்கத்து வீட்டு பாய், கத்தோலிக்க நண்பர் ஒருவர் எல்லோரும் ஒரே வேனில் நாகப்பட்டினம் பக்கம் போய்வந்த கதையைச் சொன்னார். காலையில் நாகூர் தர்கா, பிறகு சிக்கல் சிங்காரவேலர், சாயங்காலம் வேளாங்கண்ணி.

நாகூரில் இவர் மொட்டை போட்டுக்கொண்டாராம். "தர்காவில் மொட்டையா அங்கிள்?" என்று எங்கள் இளைய உறுப்பினர் கேட்டார். "அங்கே இருக்கிற பெரிய மனாராவையே தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங் கட்டிக் கொடுத்திருக்கிறார், 131 அடி. என் முடி என்ன பெரிசு தம்பி?" என்றார். வேளாங்கண்ணியில் மெழுகுவத்தி வாங்கிவந்தது பாய். மனைவிக்கு முழங்கால் வலி, அதனால் தகட்டில் செய்த கால் ஒன்றைக் காணிக்கை வைத்தாராம். அதே மாதிரி இன்னொன்றைக் கொண்டுவந்து மேசையில் சுற்றுக்கு விட்டார். கட்டைவிரல் நீளம்தான், ஆனால் ஐந்து விரலும் தெரிந்தன. பொருளாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். கணக்குப் புத்தகத்தைக்கூட அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

இப்போது 22 பேர் இங்கேயே ஒரு நாள் அப்படிப் போகவேண்டும் என்கிறார்கள். பாதிப் பேருக்கு 65க்கு மேல். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில், பக்கத்திலேயே ஜாமியா பள்ளிவாசல், பிறகு தெலுக் ஆயர் தெரு என்று யோசித்தேன். சரிவருமா? "இது கோயில் டூர், யாத்திரை இல்லை" என்று ஓர் உறுப்பினர் முகத்தில் அடித்தாற்போல் சொன்னது வேறு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தேக்கா அக்கா எழுதியது:

வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம் ஐயா, ஜும்மா கூட்டம் இருக்கும். மாரியம்மன் கோயிலில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதை முதலில் வையுங்கள். ஆளுக்கொரு செருப்புப் பை அவசியம். எங்கள் குழு போனபோது 20 ஜோடி ஒரே குவியலாகி, என் புதுச் செருப்பு யார் காலிலோ போயே போய்விட்டது.

முடிந்தால் வாட்டர்லூ ஸ்திரீட்டையும் சேருங்கள். கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் அடுத்தடுத்து. குவான் இம்மைக் கும்பிட்டுவிட்டு வரும் சீனப் பாட்டிமார் கிருஷ்ணன் வாசலிலும் ஊதுவத்தி ஏற்றாமல் போவதில்லை. நமக்கு முன்னால் அவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்!

கப்பல்காரன் எழுதியது:

டூர் என்று சொன்னவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மூழ்கவிருந்த கப்பலின் ஓட்டையை நாகூர் ஆண்டவர் தம் முகக்கண்ணாடியை வீசி அடைத்தார் என்பது கதை. வேளாங்கண்ணிக் கோயிலோ புயலில் தப்பிக் கரையேறிய போர்த்துகீசிய மாலுமிகள் எழுப்பியது என்பார்கள். இரண்டுமே கடலில் உயிர் பிழைத்தவர்களின் சாமி.

தெலுக் ஆயர் தெருவும் ஒரு காலத்தில் கடற்கரைதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மண் கொட்டி நிரப்பும்வரை அலை அங்கேதான் அடித்தது. கப்பலைவிட்டு இறங்கியவர்கள் உயிரோடு வந்து சேர்ந்ததற்கு முதல் நன்றி சொன்ன தெரு அது. சீனர்களுக்கு தியான் ஹோக் கெங் கோயிலில் 'மாசூ' என்ற கடலம்மா. தமிழகக் கரையோரத்திலிருந்து வந்த நம் சூலியா முஸ்லிம்களுக்கு 1830 வாக்கில் கட்டிமுடித்த, அதே பெயர்கொண்ட நாகூர் தர்கா, கொஞ்சம் தள்ளி அல்-அப்ரார் பள்ளிவாசல். அந்தப் பள்ளிக்கு நம்மவர்கள் வைத்த பெயர் குச்சுப் பள்ளி, முதலில் வெறும் குடிசைதானே. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நாகூர் ஆண்டவரின் அடக்கம் இங்கே இல்லை. இங்குள்ள தர்கா நினைவிடம், இப்போது மரபுடைமை நிலையமாக இருக்கிறது.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். ஏறும் முன் நாகூரில் ஓதி வாங்கிய சர்க்கரைப் பொட்டலத்தை இடுப்பு வேட்டியில் முடிந்திருந்தாராம். பாதி வழியில் அலை தெறித்துக் கரைந்து, இறங்கும்போது வேட்டி பிசுபிசுத்ததாம். தாத்தா சுத்த சைவம், திருநீறு இல்லாமல் வாசல் தாண்டமாட்டார்.

தெம்பனிஸ் பாய் எழுதியது:

அன்றைக்காவது பிரியாணியை விடுங்கள். கோயிலுக்குப் போகிற சிலர் சைவமாக இருப்பார்கள், எங்களுக்கு ஹலால் பார்க்கணும். இட்லி, கட்டிச்சோறு என்றால் யாருக்கும் சிக்கல் இல்லை. குசுத் தீவு ஆசை யாருக்காவது வரும்: சீனக் கோயில், மலைமேல் மலாய் கிராமாத், அதாவது மகான்களின் அடக்கத்தலம். நல்ல இடம், ஆனால் 152 படி. அந்த முழங்கால்காரம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஈசூன் செயலாளர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாரியம்மன், ஜாமியா, தெலுக் ஆயர் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறோம். வாட்டர்லூ அடுத்த முறை. கப்பல்காரன் எழுதியதை அந்த உறுப்பினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. ராத்திரி பத்தரைக்கு வந்தது: "என் அப்பாவும் ரஜூலாதான். எத்தனை மணிக்கு வரணும்?"

செருப்புப் பையையும் சேர்த்துத் தலைக்கு 12 வெள்ளி என்று பொருளாளர் கணக்குப் போட்டுவிட்டார்.