பட்டுப்புழுவுக்கு 16 கால்களா?

கோபி பக்கம் 5ஆம் வகுப்பு எடுக்கிறேன். தோட்டத்துக்கார அண்ணன் ஒருவரிடம் இருபது பட்டுப்புழு வாங்கி வகுப்பில் வளர்க்கிறோம். பூச்சிக்கு ஆறு கால் என்று போன வாரம்தான் சொன்னேன். ஒரு பொண்ணு லென்ஸ் வைத்து எண்ணிவிட்டு, “டீச்சர், 16 இருக்குதுங்க” என்கிறாள். நான் எண்ணினாலும் 16தான்! அப்புறம், நேற்றிலிருந்து புழுக்கள் தலையைத் தூக்கியபடி அசையாமல் நிற்கின்றன. மல்பெரி இலையைத் தொடவே இல்லை. சீக்கா?

மறுமொழி 1:
சீக்கு இல்லைங்க டீச்சர், தோலுரிக்கப் போகுது. ஒரு நாள் அப்படித்தான் நிற்கும். தொடாதீங்க, இலையும் போடாதீங்க. கூடு கட்டுவதற்குள் 4 தடவை உரிக்கும். அந்த அறையில் கொசுவத்தி மட்டும் ஆகாது. மறந்துபோய் ஏற்றி, எங்களுக்கு ஒரு தட்டுப் புழுவே போச்சு.

மறுமொழி 2:
பொண்ணு எண்ணியது சரிதான். தலைக்குப் பின்னால் மார்பில் இருக்கிற 3 ஜோடிதான் நிஜக் கால், அதில் கணு இருக்கும். வயிற்றில் 4 ஜோடி, வால் முனையில் 1 ஜோடி, எல்லாம் இலையைப் பற்றிக்கொள்ளும் சதைக்கால்கள். அந்துப்பூச்சியாக வரும்போது ஆறுதான் இருக்கும். அப்போது அவளையே எண்ணச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
சரிங்க. இன்று காலையில் சுருங்கிய தோல் நாலு கிடந்தது. தீப்பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறாள்.