மியான்மர் மரம்: இந்திய, சீன இறக்குமதியை ஆண்டுவாரியாக ஒப்பிடுவது எப்படி?

கேள்வி

வணக்கம். முதுகலைப் பொருளியல் ஆய்வேட்டிற்காக, 2000 முதல் 2020 வரை மியான்மரிலிருந்து இந்தியாவும் சீனாவும் வாங்கிய வன்மரங்களை ஒப்பிட்டு வருகிறேன். இதுவரை உருட்டு மரத்தை (சுங்கக் குறியீடு 4403) மட்டுமே எடுத்திருக்கிறேன். அது போதுமா? 2014ஆம் ஆண்டை இரு நாடுகளுக்கும் ஒரே திருப்புமுனையாகக் கொள்ளலாமா?

மறுமொழி 1

அப்படியே கொள்ள முடியாது. மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியைத் தடைசெய்தது 2014 ஏப்ரல் 1 அன்று. நம் நிதியாண்டு தொடங்குவதும் அதே நாளில்தான் என்பதால், இந்தியக் கணக்கில் தடைக்கு முன், பின் என்று ஆண்டுகள் தாமாகவே பிரிந்துவிடுகின்றன. சீனக் கணக்கு சனவரியில் தொடங்குவதால், தடைக்கு முந்தைய மூன்று மாத வரத்தும் அதன் 2014-க்குள் சேர்ந்துவிடும். இரண்டிற்கும் மாதவாரிப் புள்ளிவிவரத்தை எடுத்து நீங்களே கூட்டுவதுதான் சரி. மார்ச் இறுதியில் யாங்கோனில் கப்பலேறிய மரம் ஏப்ரலிலும் இங்கு வந்து இறங்கியிருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

மறுமொழி 2

நாங்கள் தூத்துக்குடியில் இரண்டு தலைமுறையாக மரவாடி நடத்துகிறோம். தம்பி, ஆண்டைவிட அளவையில்தான் பலர் தவறுகிறார்கள். பர்மா தேக்கை ஹாப்பஸ் முறையில் அளப்பார்கள்: தடியின் நடுவில் நாடாவைச் சுற்றி, வரும் சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்க வேண்டும். நான்கடிச் சுற்றளவும் பத்தடி நீளமும் உள்ள தடி இம்முறையில் 10 கன அடி; உருளைக் கணக்கில் அதே தடி ஏறத்தாழ 12.7 கன அடி. ஒரு ஹாப்பஸ் டன் என்பது இத்தகைய 50 கன அடி, அதாவது சுமார் 1.8 கன மீட்டர். பழைய மியான்மர் அட்டவணைகளில் 'டன்' என்று இருந்தால் எடை என்று எண்ணிவிடாதீர்கள்.

உருட்டு மரம் மட்டும் போதாது. தடைக்குப் பிறகு அங்கேயே அறுத்த மரமும் (4407) மெல்லிய மரத்தாளும் (4408) வந்தன. சில இந்திய ஒட்டுப்பலகை நிறுவனங்கள் மியான்மரிலேயே ஆலை தொடங்கின. 4403-ஐ மட்டும் பார்ப்பவருக்கு நாம் மியான்மர் மரத்தையே கைவிட்டதுபோலத் தோன்றும். அறுத்த மரத்தை உருட்டு மர அளவுக்கு மாற்ற, பொதுவாக 1.8-ஆல் பெருக்குவார்கள். ஹாப்பஸ் டன்னுக்கும் அதே எண் வருவதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மறுமொழி 3

மர வகையையும் பிரித்துக்கொள்ளுங்கள். இந்தியா பெரும்பாலும் தேக்கைக் கடல்வழியே வாங்கியது. சீனாவோ மரபுவழி அறைகலன்களுக்கான செந்நிற மரவகைகளை (ஈட்டி போன்றவை) பெருமளவில் நாடியது. மியான்மரின் வடக்கு மாநிலமான கச்சினிலிருந்து அதை ஒட்டிய சீன மாகாணமான யுன்னானுக்குத் தரைவழியே சென்ற மரத்தில் பெரும்பகுதி மியான்மரின் ஏற்றுமதிக் கணக்கில் ஏறவேயில்லை. 2015 சனவரியில் கச்சினில் 150-க்கும் மேற்பட்ட சீன மரவெட்டிகள் பிடிபட்டது அந்த வழியின் அளவைக் காட்டுகிறது. எனவே, வாங்கிய நாட்டின் சுங்கக் கணக்கையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். தேக்கு உருட்டு மரத்திற்கு 440342 என்ற தனிக் குறியீடு, பன்னாட்டுச் சுங்கக் குறியீட்டு முறையின் 2022 திருத்தத்தில்தான் வந்தது. உங்கள் காலப்பகுதிக்கு அது உதவாது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. 2010-க்கு முந்தைய அட்டவணை ஒன்றில் இருந்த டன்னை நான் எடையாகவே கொண்டு கன மீட்டருக்கு மாற்றியிருந்தேன். முதலில் அதைத் திருத்திவிட்டு, மாதவாரிக் கணக்கைத் தொடங்குகிறேன்.