பழைய பைக்கில் கியர் முரடாக விழுகிறது, இன்ஜினைப் பிரித்துத்தான் ஆக வேண்டுமா?

ரெண்டாங்கியர்:
போன மாதம் ஒரு 150 சிசி வண்டியைக் கைமாற்றி வாங்கினேன். ஐந்து கியர், கேபிள் கிளட்ச், மீட்டரில் 38,000 கிலோமீட்டர் (மீட்டரை நம்புவதா என்பது தனிக் கதை). கிளப்பின புதிதில் ஓரளவு நன்றாகத்தான் ஓடுகிறது, இன்ஜின் சூடானதும்தான் தொல்லை. முதல் கியர் போட்டால் டங்கென்று சத்தம், வண்டி ஒரு துள்ளு துள்ளுகிறது. சிக்னலில் நியூட்ரல் தேடினால் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகிறது, இரண்டிலிருந்து ஒன்றுக்கு வருகிறது, நடுவில் நிற்கவே மாட்டேன் என்கிறது, வெறுத்துப்போய் இன்ஜினை ஆஃப் செய்தால் தொட்டவுடன் நியூட்ரல் விழுந்துவிடும். இது போக இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது சில சமயம் கியர் விழாமல் இன்ஜின் மட்டும் உறுமுகிறது. மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு கியர்பாக்ஸ் போய்விட்டது, இறக்க வேண்டும் என்கிறார். உண்மைதானா?

ஆயில்கை:
இன்ஜினை ஆஃப் செய்தால் நியூட்ரல் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பதில் அதிலேயே இருக்கிறது. கியர்பாக்ஸுக்குள் ஏதாவது வளைந்திருந்தால் இன்ஜின் ஓடினாலும் நின்றாலும் முரண்டு பிடிக்கும். உங்கள் வண்டியில் லிவரை முழுக்கப் பிடித்த பிறகும் கிளட்ச் பிளேட்டுகள் சரியாகப் பிரியாமல் இழுத்துக்கொண்டே இருக்கின்றன, அந்த இழுப்பில்தான் கியர் இறுகுகிறது.

முதலில் லிவர் பிளே. லிவர் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும், அதற்கு மேல் ஆடினால் நீங்கள் பிடிக்கிற பிடியில் பாதி வீண். லிவர் பக்கத்து அட்ஜஸ்டரை உள்ளே திருகிவிட்டு, இன்ஜின் பக்கத்து நட்டில் பிளேயைக் குறையுங்கள், அப்புறம் மேலே நுணுக்கமாகச் சரி செய்யலாம். பிளேயே இல்லாமல் இறுக்கிவிடாதீர்கள், கிளட்ச் வழுக்கிப் பிளேட் கருகும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், பிளே மாறினால் கேபிள் எங்கோ மாட்டி இழுபடுகிறது.

செயின்கவர்:
ஆயிலை விட்டுவிட்டீர்களே. இந்த வண்டிகளில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில், பழசாகி நீர்த்துப்போனால் முதலில் கியரில்தான் தெரியும். பழைய வண்டி வாங்கினால் கேள்வியே கேட்காமல் ஆயிலை வடித்துவிடுங்கள். ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (ஆயிலில் நனைந்த கிளட்ச் உள்ள பைக்குகளுக்கான தரக் குறியீடு) என்று போட்டிருப்பதை, கையேட்டில் உள்ள கிரேடிலேயே வாங்குங்கள். கெட்டியாக ஊற்றினால் சத்தம் குறையும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள், குளிரில் பிளேட்டுகள் இன்னும் ஒட்டிக்கொள்ளும். ஆயிலை வடிக்கக் கழற்றுகிற போல்ட்டின் நுனியைப் பாருங்கள், மாவு மாதிரி இரும்புத்தூள் இருந்தால் பரவாயில்லை, பல் உடைந்த மாதிரி துண்டு இருந்தால் மெக்கானிக் சொன்னது சரி.

ஐட்லிங்கையும், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் இன்ஜின் ஓடும் வேகத்தையும் கவனியுங்கள். 2,000 ஆர்பிஎம்மில் நின்றுகொண்டு முதல் கியர் போட்டால் எந்த வண்டியும் டங்கென்றுதான் சொல்லும். சின்னதாக ஒரு 'டக்' எப்போதும் இருக்கும், அது கோளாறே இல்லை.

மூன்றாவதுகை:
கிளட்ச் பற்றிச் சொன்னது சரி, ஆனால் இரண்டு-மூன்று பிரச்சினையை அதே கணக்கில் சேர்க்காதீர்கள். மேலே தூக்கும்போது மட்டும் கியர் தவறுகிறது என்றால் பெரும்பாலும் கியர் லிவர் உங்கள் காலுக்கு உயரம் சரியில்லாமல் இருக்கும், முழுத் தூக்கு கிடைக்காது. லிவரைக் கழற்றி, அது மாட்டியிருக்கும் தண்டின் பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டிப் பாருங்கள், அந்தப் பல்லே தேய்ந்து லிவர் ஆடுகிறதா என்றும் பாருங்கள். செயின் தொய்ந்திருந்தாலும் ஒவ்வொரு கியருக்கும் உதறும். கியர் விழுந்த பிறகு, ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது தானாக வெளியே குதித்தால் மட்டும்தான் உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க்கோ கியர் பல்லோ போயிருக்கிறது என்று கவலைப்பட வேண்டும்.

ரெண்டாங்கியர்:
நேற்று உட்கார்ந்து பார்த்தேன். லிவர் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் ஆடுகிறது, மேலே அட்ஜஸ்டர் ஏற்கெனவே கடைசி வரை வெளியே வந்திருக்கிறது, உறையை இழுத்துப் பார்த்தால் கேபிளில் நாலைந்து இழை அறுந்து கிடக்கிறது. புதுக் கேபிள் போட்டேன். ஆயில் தார் நிறத்தில் வந்தது, துண்டு எதுவும் இல்லை. இப்போது சூடான பிறகும் நியூட்ரல் முதல் தடவையிலேயே விழுகிறது! டங் குறைந்திருக்கிறது, போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கியர் லிவரை ஒரு பல் கீழே இறக்கினேன், மூன்றாவது கியர் இன்று ஒரே ஒரு தடவைதான் தவறியது, அதுவும் நான் சோம்பேறித்தனமாகக் காலை வைத்தபோது.

ஆயில்கை:
மிச்சமிருக்கிற டங், கிளட்ச் ஹவுசிங்கின் (பிளேட்டுகள் உட்காரும் கூடு) விரல்களில் பிளேட்டுகள் வெட்டிய பள்ளமாக இருக்கலாம். பெரும்பாலான வண்டிகளில் வலது பக்க மூடியைக் கழற்றினாலே தெரியும், இன்ஜினை இறக்கத் தேவையில்லை. அவசரமில்லை, அடுத்த ஆயில் மாற்றும்போது திறந்து பாருங்கள், மூடிக்குப் புது கேஸ்கெட் மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.