பாய்மரக் கப்பல் பாடல்களின் இக்கால ஒலிப்பதிவுகள்: நெருக்கம் என்பதை எதைக் கொண்டு அளப்பது?

நெய்தல் வாசகர் கேட்டது:

2021 தொடக்கத்தில், ஸ்காட்லாந்துத் தபால்காரர் நேதன் எவன்ஸ் டிக்டாக்கில் பாடிய ‘வெல்லர்மேன்’ உலகெங்கும் பரவியபோதுதான், ‘ஷாண்டி’ எனப்படும் மாலுமிப் பாடல்கள் என் காதில் முதன்முறை விழுந்தன. அதன்பின் கிடைத்ததையெல்லாம் தேடிக் கேட்டு வருகிறேன். கேட்கக் கேட்கக் குழப்பமே மிஞ்சுகிறது.

ஹால் வில்னர் தயாரித்து 2006-இல் வெளிவந்த ‘ரோக்ஸ் கேலரி’ இரட்டைக் குறுந்தட்டில் ஸ்டிங், நிக் கேவ், லூ ரீட் போன்றோர் இப்பாடல்களைத் தத்தம் பாணியில் பாடியிருக்கிறார்கள். கார்ன்வாலின் போர்ட் ஐசக் ஊரைச் சேர்ந்த ‘ஃபிஷர்மன்ஸ் ஃபிரண்ட்ஸ்’ குழு 2010-இல் வெளியிட்ட தொகுப்போ, தேர்ந்த ஆண்குரல் சேர்ந்திசை. இவற்றுக்கு நேர் எதிராக, அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் மேடிசன் கார்ப்பென்டர் 1920-களின் இறுதியில் பிரிட்டனின் துறைமுக ஊர்களில் முதிய மாலுமிகளைப் பாடவைத்துப் பதிந்த மெழுகு உருளைகள் இருக்கின்றன. இம்மூன்றிலும் பொதுவாக இருப்பது மெட்டு ஒன்றுதான். அப்படியானால், ஓர் ஒலிப்பதிவு மரபுக்கு நெருக்கமானது என்று சொல்ல எதைக் கவனிக்க வேண்டும்? குரலா, வேகமா, இசைக்கருவி இல்லாமையா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பாய்மரம் எழுதியது:

நல்ல கேள்வி. என் விடை ஒன்றே: இழுவையைக் கவனியுங்கள். வணிகக் கப்பலில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் இதில் எனக்குச் சற்றுப் பிடிவாதம் உண்டு.

ஷாண்டி என்பது மேடைக்காகப் பிறந்த பாட்டன்று. நீராவி எந்திரங்கள் வருமுன் கப்பலின் பெரும்பாலான வேலை மனித உடலால் நடந்தது. பத்துப் பேரின் பலம் ஒரே நொடியில் ஒரே கயிற்றில் விழ வேண்டுமானால் அதற்கொரு தாளம் தேவை. பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிற்றுக்குரிய பாட்டில், முன்பாடுபவர் ஓர் அடி பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடும் அடியில் வழக்கமாக இரண்டு அழுத்தங்கள் வரும். அந்த இரண்டிலும்தான் இழுப்பு. முன்பாடுபவரின் அடி, ஏனையோர் மூச்சு வாங்கிக் கையை மாற்றிப் பிடிப்பதற்கான இடைவெளி. நங்கூரம் தூக்கும் கேப்ஸ்டன் உருளையைச் சுற்றி நடந்து தள்ளும்போது அத்தகைய வெட்டிழுப்பு கிடையாது. நடை தொடர்ந்து செல்வதால் பாட்டும் நீண்ட பல்லவியோடு ஓடும். பாயின் கீழ்முனையை இறுக்குவதற்கோ, கடைசிச் சொல்லில் மட்டும் எல்லோரும் ஒரே இழுப்பு.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள மிஸ்டிக் சீபோர்ட் கடல்சார் அருங்காட்சியகத்தில், 1841-இல் கட்டப்பட்ட ‘சார்ல்ஸ் டபிள்யூ. மார்கன்’ என்னும் திமிங்கில வேட்டைக் கப்பலைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அங்கே பார்வையாளர்களும் கயிற்றைப் பிடித்து இழுக்கலாம், நானும் பிடித்தேன். அழுத்தம் விழும் அசையில் முழு உடலும் பின்னுக்குச் சாய்கிறது, உள்ளங்கையில் கயிற்றின் முறுக்கு பதிகிறது, அடுத்த அசைக்குள் கை முன்னேறி மறுபிடி பிடித்தாக வேண்டும். அதைச் செய்து பார்த்தவருக்கு இன்றைய ஒலிப்பதிவுகளில் முதலில் உறுத்துவது வேகமே. பெரும்பாலானவை, எந்த மனிதனாலும் இழுக்க முடியாத விரைவில் ஓடுகின்றன. நீங்கள் குறிப்பிட்ட 2006-ஆம் ஆண்டுத் தொகுப்பைக் குறைசொல்ல நான் வரவில்லை. அது பாடல்களின் கரடுமுரடான மனநிலையை எடுத்துக்கொண்டது, வேலையை எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்டான் ஹியூகில் (1906–1992) பாடிய பதிவுகளைத் தேடுங்கள். 1929-இல் கேப் வெர்ட் தீவுகளருகே மூழ்கிய ‘கார்த்பூல்’ என்ற நான்கு பாய்மரக் கப்பலில் முன்பாடுபவராக இருந்தவர் அவர். முதுமைக்காலப் பதிவுகளிலும் அந்த இழுவை போகவில்லை. பல்லவிக்கு முன் அவர் குரல் உடைந்து மேலே தாவும் ஓர் ஊளை உண்டு. அதைச் சேர்ந்திசைக் குழுக்கள் முதல் வேலையாக நீக்கிவிடுகின்றன.

இசைத்தட்டு எழுதியது:

பாய்மரம் ஐயா கூறுவதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் இழுவை ஒன்றையே அளவுகோலாக்கினால் கப்பல் பாடல்களில் பாதி வெளியே நின்றுவிடும். வேலை நேரத்துப் பாட்டு வேறு, வேலை முடிந்தபின் மாலுமிகள் தங்களுக்குள் பாடிக்கொண்ட பாட்டு வேறு. இரண்டாவது வகை கதைப்பாடல். அதற்கு இழுவை கிடையாது, இருக்கவும் தேவையில்லை.

கேள்வியாளரை இத்துறைக்குள் இழுத்து வந்த ‘வெல்லர்மேன்’ இதற்குச் சிறந்த சான்று. எல்லோரும் அதை ஷாண்டி என்றே அழைத்தாலும், அது நியூசிலாந்தின் திமிங்கில வேட்டைக் கதைப்பாடல். 1831-இல் ஒடாகோ கடற்கரையில் வேட்டைத் தளம் நிறுவிய வெல்லர் சகோதரர்களின் பெயரால், தளங்களுக்குச் சர்க்கரையும் தேநீரும் ரம்மும் கொண்டுவருபவர் அதில் ‘வெல்லர்மேன்’ எனப் பேசப்படுகிறார். கரையோர வேட்டைத் தொழிலாளிகளுக்குக் கூலியைப் பணமாகத் தராமல் பண்டமாகவே கொடுத்து வந்த வழக்கத்தோடு வைத்துப் படித்தால், அந்த உற்சாகப் பல்லவிக்கு அடியில் ஓர் ஏக்கம் இருப்பது தெரியும். நீல் கோல்கூன் 1960-களில் இதை வாய்மொழியிலிருந்து சேகரித்தார். பிரிஸ்டலின் ‘தி லாங்கஸ்ட் ஜான்ஸ்’ குழு 2018-இல் பதிந்த வடிவத்திற்குப் பிறகே இணையத்தில் இதற்கு ஆர்வம் பிறந்தது. 2021-இல் பிரிட்டன் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்த நடன மறுகலவையைக் (ரீமிக்ஸ்) கேட்டுவிட்டு அந்த 2018 பதிவுக்குத் திரும்புங்கள். எதை எடுத்துவிட்டு எதைச் சேர்த்தார்கள் என்பது வெளிப்படையாக விளங்கும்.

போர்ட் ஐசக் குழுவினரைப் பற்றியும் ஒரு சொல். அவர்கள் தொடக்கத்தில் ஊர்த்துறையில் நின்று பாடியவர்கள். ஒரே ஊரார் கூடிப் பாடுவதும் மரபுதான். இசை நிறுவனம் வந்தபின் ஒலி மெருகேறியது உண்மை. அதற்காக அவர்கள் பாட்டைப் போலி என்று ஒதுக்க நான் உடன்பட மாட்டேன்.

நெய்தல் வாசகர்:

இருவருக்கும் நன்றி. இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். நான் கேட்ட பதிவுகளில் பாடுபவர்கள் ஏறத்தாழ அனைவரும் வெள்ளையர். இப்பாடல்களில் பலவற்றுக்குக் கறுப்பினத் தொழிலாளிகளின் பங்கு இருப்பதாக எங்கோ படித்தேன். அவர்கள் பாடிய பதிவு கிடைக்குமா?

அலைவாய் எழுதியது:

கிடைக்கும், என் கருத்தில், இங்கு இதுவரை பேசப்பட்டவற்றை விட அவைதாம் முக்கியம். அமெரிக்காவின் மோபீல் துறைமுகத்தில் கப்பல் வயிற்றுக்குள் பஞ்சுப் பொதிகளை நெட்டித் திணித்த கூலிக் குழுக்களும், கரீபியன் தீவுகளின் படகோட்டிகளும் பாடியவை கப்பல் தளத்துக்கு ஏறிவந்தன. முன்பாடுபவர் சொல்ல மற்றவர்கள் மறுமொழி பாடும் அமைப்பில் ஆப்பிரிக்க மரபின் செல்வாக்கு பெரிது. ஆங்கிலேய மாலுமியின் சொத்தாக மட்டும் இவற்றைக் காட்டும் அட்டைப்படங்கள் அதை மறைத்துவிடுகின்றன.

வட கரோலைனாவின் போஃபர்ட் ஊரில், மென்ஹேடன் மீன்வலையைச் சிறு படகுகளிலிருந்து கையாலேயே தூக்கிய கறுப்பினத் தொழிலாளர்கள் பாடிய பாட்டுகள் 1950-கள் வரை உயிரோடு இருந்தன. வலையைத் தூக்க நீரழுத்த எந்திரம் வந்தது, பாட்டு நின்றது. ஓய்வு பெற்ற அவர்களில் சிலர் 1988-இல் ‘மென்ஹேடன் சாண்டிமென்’ என்ற பெயரில் மீண்டும் கூடிப் பாடத் தொடங்கினர். அவர்களைக் கேளுங்கள். ஒவ்வொருவரும் தமக்கு வாய்த்த சுருதியில் சேர்வதால் எழும் அந்த இணைவை எந்த இசையமைப்பாளரும் எழுதித் தரவில்லை. அடிகளுக்கிடையே வரும் மௌனம் சிலவேளை நீளும். மீன் நிறைந்த வலை மேலேறும் வரையிலான காத்திருப்பு அது. அதையும் வெட்டாமல் வைத்த பதிவையே நான் நல்ல பதிவு என்பேன். அமெரிக்க நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் 1935-இல் பஹாமாஸில் கடற்பஞ்சு எடுப்போரிடமிருந்து பதிந்தவையும் இதே வரிசையில் கேட்க வேண்டியவை.

கரைவலை எழுதியது:

அலைவாய் சொன்ன மௌனம் பற்றி ஒரு வரி. எங்கள் பக்கம் கரைவலை இழுக்கையில் பாடும் அம்பாவிலும் இதே கதைதான்: வலை கனத்தால் பாட்டு தாழ்ந்து நீளும், கனம் குறைந்தால் விரைவுகொள்ளும். மேடையில் பாடும்போது மட்டும் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே வேகம்.

பாய்மரம்:

இசைத்தட்டு நண்பரின் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன்; நான் சொன்னதை வேலைப்பாட்டுக்கு மட்டும் என்று கொள்க.

கேள்வியாளருக்கு ஒரு குறிப்பு. கார்ப்பென்டரின் பதிவுகள் இன்று இங்கிலாந்தின் வான் வில்லியம்ஸ் நினைவு நூலகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆயினும் அவற்றைத் தீர்ப்பு மன்றமாக எண்ணிவிட வேண்டாம். உருளையில் சில நிமிடங்களே அடங்கும். பாடியவர்கள் கயிற்றைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆன முதியவர்கள், அறைக்குள் அமர்ந்து தனியே பாடினார்கள், பல்லவிக்குத் துணைக்குரலும் இல்லை. உருளை சுழன்ற வேகமும் சீரானதன்று என்பதால் சுருதியையும் தாள வேகத்தையும் அப்படியே நம்ப இயலாது. சொல்லை எங்கே அழுத்துகிறார்கள், மூச்சை எங்கே விடுகிறார்கள் என்பதை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு, அதன்பின் மென்ஹேடன் பதிவுக்குச் செல்லுங்கள்.