ஷெஃபீல்டில் வருஷா வருஷம் கவுன்சில் தேர்தல்: நல்லதா, தொல்லையா?

கம்பளிப்பூச்சி
இங்கிலாந்தில் ஷெஃபீல்டுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. 2024 மே மாதம் கவுன்சில் (நகராட்சி) தேர்தலில் ஓட்டுப் போட்டேன். "விசாவில் இருக்கிறவளுக்கு ஓட்டா?" என்று ஊரில் அம்மா நம்பவே இல்லை. இந்தியாவோ இலங்கையோ, காமன்வெல்த் நாட்டுக்காரர் என்றால் இங்கே தங்க அனுமதி இருந்தாலே ஓட்டு உண்டு. சரி, 2025 மே வந்தது. வாக்குச்சாவடியைத் தேடினால் ஒன்றும் இல்லை. "இந்த வருஷம் கிடையாதும்மா, 2026-இல்தான்" என்றார் பக்கத்து வீட்டுத் தாத்தா. பர்மிங்காமில் இருக்கும் தோழியோ தனக்கு நாலு வருஷத்துக்கு ஒரு முறைதான் என்கிறாள். ஊருக்கு ஊர் ஏன் இப்படி? இதில் எது நல்ல முறை?

எஃகூரான்
வாங்க தங்கச்சி. கணக்கு இதுதான். இங்கே 28 வார்டு, வார்டுக்கு மூணு கவுன்சிலர், ஆக 84 பேர். மூணு பேரையும் ஒரே நாளில் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு வருஷம் ஒருவர், அடுத்த வருஷம் அடுத்தவர். ஒவ்வொருவருக்கும் நாலு வருஷப் பதவி. மூணு வருஷம் விதைப்பு, நாலாவது வருஷம் தரிசு. 2025 தரிசு. மான்செஸ்டர், லீட்ஸ், கேம்பிரிட்ஜ் எல்லாம் இதே முறைதான்.

எது நல்லது என்றால், சந்தேகமே வேண்டாம், இதுதான். கவுன்சிலருக்குக் கழுத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு தேர்தல் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கணும்.

கத்தரிவெயில்
அண்ணே, அந்த மூச்சுதான் பிரச்சினை. பதினாறு வருஷமா வடக்கே ஒரு கவுன்சிலில் கணக்குப் பிரிவில் இருக்கேன், பேர் வேண்டாம். அங்கேயும் இதே மூன்றிலொரு பங்கு முறைதான். ஜனவரி பிறந்ததும் கசப்பான முடிவு எதையும் யாரும் தொட மாட்டாங்க. மார்ச் கடைசியில் தேர்தல் காலக் கட்டுப்பாடு வந்துடும், அறிவிப்பு எதுவும் கூடாது. மே முடிஞ்சா யார் எந்தக் கமிட்டி என்று ஒரு மாசம். அப்புறம் கோடை விடுமுறை. உருப்படியா வேலை நடக்கிறது செப்டம்பர் முதல் டிசம்பர் வரை. இது ஆட்சியா, பரீட்சைக்கு இடையில் கிடைக்கிற ஸ்டடி லீவா?

இன்னொன்று. முழு நகரமும் ஒரு கட்சி மேல் கோபத்தில் இருக்கு என்று வைத்துக்கொள்ளுங்க. ஒரே நாளில் இறக்க முடியாது, 84-இல் 28-ஐத்தான் தொட முடியும். மீதி 56 பேர் போன வருஷத்து, அதற்கு முந்தின வருஷத்து மனநிலையில் வந்தவங்க.

எஃகூரான்
தம்பி, 2021-ஐ மறந்துட்டீங்க. லேபர் கட்சி கையில் 49 இடம் இருந்தது. அந்த ஒரே மே மாதத்தில் எட்டு போச்சு, 41. பெரும்பான்மைக்கு 43 வேணும். 28 இடத்தை மட்டும் தொட்டே கவிழ்த்தாச்சு.

ஏன் கவிழ்ந்தது? மரம். 2012-இல் சாலைப் பராமரிப்பை 25 வருஷத்துக்கு ஒரே நிறுவனத்திடம் கொடுத்தாங்க, 200 கோடி பவுண்டுக்கு மேல். அதில் தெருவோர மரங்களும் சேர்த்தி. ஐயாயிரத்துக்கு மேல் வெட்டினாங்க. 2016 நவம்பர் 17, ரஸ்ட்லிங்ஸ் ரோட்டில் விடியற்காலை அஞ்சு மணிக்குப் போலீஸோட வந்து ஆளை எழுப்பிக் காரை எடுக்கச் சொல்லி வெட்டினாங்க. எழுபது வயசைத் தாண்டின இரண்டு அம்மாக்களைக் கைது பண்ணினாங்க. கிரீன் கட்சிக் கவுன்சிலர் அலிசன் டீல் மேலேயே 2017-இல் நீதிமன்ற அவமதிப்பு வழக்கு. அது தள்ளுபடி ஆச்சு. 2018 மார்ச்சில் ரம்பம் நின்னது. மே மாதம் என்ன இருந்தது? தேர்தல்!

கத்தரிவெயில்
நல்ல கதை, ஆனா உங்க வாதத்துக்கே எதிரா சாட்சி சொல்லுது. ஒப்பந்தம் போட்டது 2012. அதற்கப்புறம் 2014, 2015, 2016 என்று மூணு தேர்தல் நடந்ததே! ரம்பம் நின்னதா? 2018 தேர்தலுக்குப் பிறகும் லேபர்தான் பெரும்பான்மை. ரம்பத்தை நிறுத்தினது ஓட்டு இல்லை அண்ணே, மரத்தடியில் போய் நின்ன ஜனங்க.

2021-இல் உண்மையில் அடி விழுந்தது எங்கே தெரியுமா? அதே நாள் நடந்த பொதுவாக்கெடுப்பில். தலைவரும் அவரோட பத்துப் பேர் அமைச்சரவையும் முடிவெடுக்கும் முறை வேண்டாம், எல்லாக் கட்சியும் உட்காரும் கமிட்டி முறை வேணும் என்று 65 சதவீதம் பேர் போட்டாங்க. அதைக் கொண்டு வந்தது கையெழுத்து மனு. வாக்காளர்களில் ஐந்து சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டால் கவுன்சில் வாக்கெடுப்பு நடத்தியே ஆகணும். அதற்கு வருஷா வருஷத் தேர்தல் தேவையில்லை.

வன்னிக்காரன்
நான் பர்மிங்காமில இருக்கிறன். நாலு வருசத்துக்கு ஒருக்கா என்டு ஆசைப்படுற ஆக்கள் இஞ்ச வந்து பாருங்கோ.

எங்களுக்கும் முந்தி மூன்றில ஒரு பங்குதான். 2014 டிசம்பரில பொப் கெர்ஸ்லேக் எண்ட பெரிய அரசாங்க அதிகாரி ஒரு அறிக்கை குடுத்தார்: 120 கவுன்சிலர் கூட, வருசா வருசம் தேர்தல் வைச்சா தூரநோக்கோட முடிவெடுக்க ஏலாது, எல்லாத்தையும் ஒரே நாளில வையுங்கோ என்டு. (பகிடி என்னெண்டா, அந்த மனுசன் பத்து வருசத்துக்கு மேல ஷெஃபீல்ட் கவுன்சிலின்ர தலைமை அதிகாரியா இருந்தவர்.) 2018-இல 101 பேரையும் ஒரே நாளில தெரிஞ்சம். 2022-இல திரும்பவும். 2023 செப்டம்பர் 5, கவுன்சில் கையை விரிச்சிட்டுது, காசு கட்டாது எண்டு அறிவிக்கிற 114 நோட்டீஸ். பெண் ஊழியருக்குக் குறைச்சுக் குடுத்த சம்பளத்துக்கான சம சம்பள வழக்குக் கடன், ஒராக்கிள் எண்ட கணக்கு மென்பொருளால வந்த கணினிக் குழப்பம். அரசாங்கம் கவுன்சிலை மேற்பார்க்க ஆணையாளர்களை அனுப்பிச்சு. கவுன்சில் டாக்ஸ் 2024-இல 9.99 வீதம் ஏறிச்சு, 2025-இல 7.49. பிறகு குப்பை வேலைநிறுத்தம், தெருவெல்லாம் கறுப்புப் பை, எலி.

இவ்வளவுக்கும் எங்கட ஓட்டு எப்ப? 2026 மே. நோட்டீஸ் வந்து 32 மாசம்! தூரநோக்கு வந்ததோ தம்பி?

கத்தரிவெயில்
அண்ணை, வேதனை புரியுது. ஆனா சம சம்பளக் கடன் 2018-க்கு அப்புறம் முளைச்சது இல்லை. மூன்றிலொரு பங்கு முறை இருந்த காலத்திலேயே வருஷக்கணக்கா ஊறினது. ஒவ்வொரு மே மாதமும் ஒவ்வொருத்தரும் அடுத்தவர் தலையில் தள்ளிட்டுப் போனாங்க. கசப்பு மருந்து கொடுக்கிற தைரியம் இல்லாததால் வந்த நோய் அது.

லிவர்பூலையும் பாருங்க. 2021-இல் அரசாங்கம் அனுப்பின ஆய்வாளர் மேக்ஸ் கேலரோட அறிக்கை அங்கேயும் நாலு வருஷ முறையைத்தான் சொல்லிச்சு, 2023-இலிருந்து மாறியாச்சு.

வன்னிக்காரன்
அதே கேலரைத்தான் பிறகு பர்மிங்காமுக்கு ஆணையாளர்களுக்குத் தலைவரா அனுப்பினவங்கள். மருந்து எழுதின டொக்டரே அந்த மருந்து குடிச்ச ஆளைப் பாக்க வந்த மாதிரி.

நான் கேட்டது வேற. நோய் எப்ப வந்தது என்டில்ல. வந்த பிறகு சனம் வாய் திறக்க வழி இருந்ததோ? ஷெஃபீல்ட் முறை எண்டா 2024 மே மாசமே நாங்கள் கதைச்சிருப்பம்.

கத்தரிவெயில்
அதுக்குப் பதில் இல்லை. ஒத்துக்கிறேன்.

மான்செஸ்டர் மாமி
மூணு பேரும் காலண்டரைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். எங்கள் ஊருக்கு வாருங்கள். 32 வார்டு, 96 பேர், எஃகூரான் கொண்டாடும் அதே முறை. 2016-இல் 96 பேரில் 95 பேர் லேபர். எதிர்க்கட்சி என்றால் ஒரே ஆள், டிட்ஸ்பரி வெஸ்ட் வார்டில் ஜெயித்த லிப் டெம் (லிபரல் டெமாக்ரட் கட்சி) ஜான் லீச். பாவம், அவர் யாரிடம் கலந்து பேசி வெளிநடப்பு செய்வார்? ஊரில் லேபருக்கு ஓட்டுப் போடாதவர்கள் ஒரே ஒருவர்தானா? எண்ணுகிற முறை கோணல். வார்டில் அதிக ஓட்டு வாங்கினவருக்கு இடம், மற்றவர் ஓட்டெல்லாம் குப்பை.

ஸ்காட்லாந்தில் 2007 முதல் கவுன்சிலுக்கு விருப்ப வரிசையில் 1, 2, 3 என்று எண் போடுகிறார்கள். வார்டுக்கு மூன்று நான்கு பேர், வாங்கின ஓட்டுக்குத் தக்கபடி இடம். ஆனால் எஃகூரான், அதற்கு மூன்று பேரையும் ஒரே நாளில் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு இடம் என்றால் அதில் பங்கு பிரிக்க என்ன இருக்கிறது?

எஃகூரான்
மாமி, இது நான் யோசிக்காத இடம். எண் போடும் முறை வந்தால் நாலு வருஷத்துக்கு ஒரு தடவைக்கு நான் சரி. ஆனா அதற்கு வெஸ்ட்மின்ஸ்டர் பார்லிமென்டில் சட்டம் மாறணும். அதுவரைக்கும் என் வருஷாந்திர ஓட்டை யாருக்கும் தர மாட்டேன்.

கத்தரிவெயில்
ஒன்று விட்டுப்போச்சு. நாலு வருஷ முறையில் வாயே திறக்க முடியாது என்பது முழு உண்மை இல்லை, இடைத்தேர்தல் இருக்கு. பிரிஸ்டல் 2016-இலிருந்து நாலு வருஷ முறை. ஹாட்வெல்ஸ் அண்ட் ஹார்பர்சைடு என்ற ஒற்றைக் கவுன்சிலர் வார்டில் ஒருவர் விலகினதால் 2023 பிப்ரவரியில் இடைத்தேர்தல். லிப் டெம் இடத்தைக் கிரீன் பிடிச்சது. அந்த ஒரு இடத்தால் கவுன்சிலில் பெரிய கட்சியே கிரீன் ஆயிடுச்சு. அடுத்த வருஷம் 70-இல் 34 வாங்கினாங்க. குளத்தில் விழுந்த முதல் கல் அதுதான்.

வன்னிக்காரன்
ஓம், ஆனா ஆராவது செத்தால் இல்லாட்டி விலகினால்தானே இடைத்தேர்தல்? கூட்டத்துக்கு ஆறு மாசம் வராட்டியும் பதவி போகும், அது உண்மை. எண்டாலும் என்ர வார்டுக்காரர் சுகமா இருக்கிறார், கூட்டத்துக்கும் போறார். நான் என்ன செய்ய?

மான்செஸ்டர் மாமி
இடைத்தேர்தல் தானாகவே வருவதுமில்லை. இடம் காலியானதும் அந்தப் பகுதி வாக்காளர்கள் இரண்டு பேர் எழுதிக் கேட்டால் போதும், 35 வேலைநாளுக்குள் நடத்த வேண்டும். அவருடைய பதவிக் காலம் முடிய ஆறு மாதம்கூட இல்லை என்றால் அப்படியே விட்டுவிடுவார்கள். நடைமுறையில் அந்த இரண்டு கையெழுத்து கட்சிக்காரர்களுடையதாகத்தான் இருக்கும், எந்தத் தேதி யாருக்கு வசதி என்ற கணக்கோடு. எஃகூரான் ஊரில் மே தேர்தலோடு சேர்த்தே முடித்துவிடுவார்கள். அப்போது உங்களுக்கு இரண்டு ஓட்டு. ஜெயித்த இருவரில் குறைந்த ஓட்டு வாங்கினவருக்குக் குறுகின காலம்.

கம்பளிப்பூச்சி
நான் கேட்டது ஒரு வரி, நீங்கள் எழுதியது ஒரு பாடப்புத்தகம்! எனக்கு எஃகூரான் அண்ணன் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் பாதி வேலை செய்யும் வருஷம் என்று கத்தரிவெயில் சொன்னது உறுத்துகிறது.

ஒரு சந்தேகம். 2024-இல் பாஸ்போர்ட்டைக் காட்டி ஓட்டுப் போட்டேன். இப்போது அது புதுப்பிக்கப் போயிருக்கிறது. பிஆர்பி (இங்கே தங்கும் அனுமதி) அட்டை காலாவதி, விசா எல்லாம் ஆன்லைனில். மே மாதத்துக்குள் பாஸ்போர்ட் வராவிட்டால் ஓட்டு போச்சா?

எஃகூரான்
போகாது. ஆன்லைன் விசாவைப் போனில் காட்டினால் செல்லாது, அதை மட்டும் நம்பிப் போகாதீங்க. காலாவதியான அந்த அட்டையே போதும், படம் உங்க முகம் மாதிரி இருக்கணும் அவ்வளவுதான். அதையும் தொலைச்சிருந்தா இலவசமா வாக்காளர் சான்று தருவாங்க. தேர்தலுக்கு ஆறு வேலைநாள் முன்னாடி மாலை அஞ்சு மணிக்குள் விண்ணப்பம் போடணும். அட்டை கையில் இருக்கா?

கம்பளிப்பூச்சி
இருக்கிறது அண்ணா. முகம்தான் நைட் டியூட்டி பார்த்துப் பார்த்து மாறிப்போச்சு.