மறு: ‘பரேவ்’ கொழுப்பைச் ‘சைவக் கொழுப்பு’ என்று போட வேண்டாம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். கேட்டரிங் மாணவர்களுக்கான சொற்பட்டியலில் எண்ணெய், கொழுப்புப் பகுதி என் பங்குக்கு வந்தது. யூத விருந்தினருக்கும் முஸ்லிம் விருந்தினருக்கும் சமைக்கும்போது எந்தக் கொழுப்பை எடுப்பது என்பது அதில் ஒரு பாடம். மற்ற சொற்கள் எப்படியோ அமைந்துவிட்டன. இறைச்சி வகையும் அல்லாத, பால் வகையும் அல்லாத உணவுக்கு யூதர்கள் சொல்லும் ‘பரேவ்’ மட்டும் நான்கு நாளாக இழுத்துக்கொண்டிருக்கிறது. நேற்று வந்த மடல்களில் ஒன்று:

> சைவக் கொழுப்பு என்று போட்டுவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும். ஆனால் தப்பாகப் புரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கோஷர் எனப்படும் யூத உணவுநெறியில் உண்ணத்தக்கவை மூன்று வகை. இறைச்சியும் அதன் கொழுப்பும் முதல் வகை. பால், வெண்ணெய், நெய் இரண்டாவது. காய், கனி, தானியம், முட்டை, மீன், தாவர எண்ணெய் எல்லாம் மூன்றாவது. அதற்குத்தான் பரேவ் என்று பெயர். குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்று யூதர்களின் வேதமான தோரா மூன்று இடங்களில் சொல்கிறது. அதை ரப்பிகள், அதாவது யூத மதகுருக்கள், விரித்து விரித்து, இறைச்சிக்குத் தனிப் பாத்திரம், பாலுக்குத் தனிப் பாத்திரம் என்று ஆக்கினார்கள். இறைச்சி சாப்பிட்டபின் ஆறு மணி நேரம் பாலைத் தொடாதவர்கள் இன்றும் நிறையப் பேர்.

இப்போது நம் ஊர் மளிகைக் கடைக்கு வாருங்கள். நெய் டப்பாவில் பச்சைப் புள்ளி இருக்கிறது. வெண்ணெயிலும் பனீரிலும் இருக்கிறது. நம் கணக்கில் மூன்றும் சைவம். ‘சைவக் கொழுப்பு’ என்று படித்த மாணவர், யூத விருந்துக்கு ஆட்டுக்கறி வதக்கும்போது நல்லெண்ணம் பொங்க நெய்யை ஊற்றுவார். அந்தச் சட்டியில் இருப்பதை அவர்கள் அதற்குமேல் தொடமாட்டார்கள். இன்னொரு பக்கம், முட்டையையும் மீனையும் நாம் அசைவத்தில் வைக்கிறோம். அவர்களுக்கு அவை பரேவ். ஆக இந்தச் சொல் இரண்டு பக்கமும் இடிக்கிறது.

இது கற்பனைக் கவலை அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பேக்கரிப் பயிற்சிக் கையேட்டைத் திருத்தக் கொடுத்தார்கள். அதில் பரேவ் மார்ஜரின் (வெண்ணெய்க்கு மாற்றான கொழுப்பு) ‘சைவ மார்ஜரின்’ ஆகியிருந்தது. அடுத்த பக்கத்துச் செய்முறையில் பால்பொடி கலந்த மார்ஜரின். அதுவும் சைவம்தானே என்று மொழிபெயர்த்தவர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை, சொல்தான் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது.

சரி, ஹலாலுக்கு வருகிறேன்.

> கோஷர், ஹலால் இரண்டுக்கும் ஏற்ற கொழுப்பு என்று ஒரே சொல் இருந்தால் பாடம் சுருக்கமாக இருக்கும்.

இதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். தமிழில் இரண்டு வினைகள் இருக்கின்றன: ஆகும், சேரும். “எங்களுக்கு அது ஆகாது” என்றால் ஆளுக்கும் உணவுக்கும் இடையில் உள்ள சேதி. “மீனும் தயிரும் சேராது” என்றால் உணவுக்கும் உணவுக்கும் இடையில் உள்ள சேதி. ஹலால் கேட்பது பெரும்பாலும் முதல் கேள்வியை மட்டும்: இது ஆகுமா? பன்றியா, தானாகச் செத்ததா, இறைவன் பெயர் சொல்லி அறுத்ததா என்று பார்த்து முடித்துவிட்டால், நெய்யில் பிரியாணி செய்வதற்கு ஒரு தடையும் இல்லை. கோஷர் இரண்டு கேள்வியையும் கேட்கிறது: ஆகுமா, அப்புறம் சேருமா? நெய் ஆகும், ஆனால் கறியோடு சேராது. பரேவ் என்ற சொல் இந்த இரண்டாவது கேள்விக்கான பதில். அந்தக் கேள்வியே இல்லாத நெறியோடு அதைக் கட்டிப்போட முடியாது.

ஹலாலுக்குச் சொல் தேடவும் வேண்டாம். குர்ஆன் தமிழாக்கங்களில் ‘ஆகுமாக்கப்பட்டது’ என்று எப்போதோ வந்துவிட்டது. ஹலால் என்ற சொல்லே கறிக்கடைப் பலகை வரைக்கும் வந்து தமிழாகிவிட்டது. விளக்கம் வேண்டிய இடத்தில் ‘ஆகுமான கொழுப்பு’ என்று இரண்டு சொல்லாக எழுதினால் போதும். எல்லாவற்றையும் ஒட்டி ஒரே சொல்லாக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

முதல் கேள்வியிலேயே இரண்டு நெறியும் பிரியும் இடம் ஒன்று உண்டு. ஆட்டின் குண்டிக்காயைச் சுற்றி வெள்ளையாக, கெட்டியாக ஒரு கொழுப்பு இருக்கும். கறிக்கடையில் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மற்றக் கொழுப்பு மாதிரி சதைக்குள் ஓடாது, மெழுகுக் கட்டி மாதிரி தனியாகக் கழன்று வரும். முறைப்படி அறுத்த ஆடு என்றால் முஸ்லிம்களுக்கு அது ஆகும். யூதர்களுக்கு ஆகாது. மாடு, செம்மறி, வெள்ளாடு மூன்றிலும் இந்தப் பகுதிக் கொழுப்பு பலிபீடத்துக்கு உரியது, உண்ணக் கூடாது என்று தோராவில் உள்ள லேவியராகமம் விலக்குகிறது. எபிரேயத்தில் இதற்கு ஹேலெவ் என்று தனிப்பெயர். உண்ணத்தக்க கொழுப்புக்கு ஷூமான் என்று வேறு பெயர். கால்நடைகளின் கொழுப்பு யூதர்களுக்கு விலக்கப்பட்டிருந்ததையும், முதுகில், குடலில், எலும்போடு ஒட்டியது மட்டும் அதில் சேராது என்பதையும் குர்ஆனே 6:146ல் சொல்கிறது. ஒரு நெறி இன்னொரு நெறியின் கொழுப்புச் சட்டத்தை இவ்வளவு நுணுக்கமாகக் குறித்து வைத்திருப்பதை முதல் தடவை படித்தபோது அசந்துபோனேன்.

ஹேலெவுக்கு ‘விலக்குக்கொழுப்பு’ என்று போட்டிருக்கிறேன். ‘நிணம்’ என்று வைக்க எனக்கு ஆசைதான். தமிழ் விவிலியத்தில் 63ஆம் சங்கீதத்தில் நிணமும் கொழுப்பும் அடுத்தடுத்து வருகின்றன. நிணம் நிற்கும் இடத்தில் எபிரேயத்தில் இருப்பது இதே ஹேலெவ்தான். ஆனால் சங்கப் பாட்டில் நிணம் என்பது விருந்தில் மனம் நிறையத் தின்னும் கொழுப்பு. அந்தச் சொல்லின் தலையில் ஒரு விலக்கைக் கொண்டுபோய் வைக்க மனம் வரவில்லை. சங்க இலக்கியம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பரேவ் ஏன் இவ்வளவு முக்கியமான சொல்லாயிற்று என்றால், கொழுப்புதான் காரணம். கிழக்கு ஐரோப்பாவில் ஒலிவ மரம் கிடையாது. பன்றிக்கொழுப்பு ஆகாது. வெண்ணெய் கறியோடு சேராது. மிஞ்சியது வாத்தும் கோழியும். தோலையும் கொழுப்பையும் பொடியாக நறுக்கிச் சிறுதீயில் வைத்து உருக்குவார்கள், கடைசியில் வெங்காயம் சேர்ப்பார்கள். அதுதான் ஷ்மால்ட்ஸ். புரிந்துகொள்வதற்காகவே ஒருநாள் கடையில் தோலோடு கோழி வாங்கி நானும் செய்து பார்த்தேன். முக்கால் மணி நேரத்தில் தோல் சுருங்கிப் பொன்னிறமாகி, தேன் நிறத்தில் தெளிந்த நெய் மேலே நின்றது. வெண்ணெய் உருக்கும்போது அடியில் நிற்கும் கசண்டு மாதிரி இங்கே மொறுமொறுவென்று தோல்துண்டுகள். அவர்களும் அதை வீணாக்குவதில்லை. கிரிபெனெஸ் என்று தின்கிறார்கள். ஆனால் ஷ்மால்ட்ஸ் ஊன்வகை. அதில் செய்த பலகாரத்துக்குப் பக்கத்தில் பால் ஊற்றிய காப்பி வர முடியாது.

1911ல் அமெரிக்காவில் பருத்திக்கொட்டை எண்ணெயை ஹைட்ரஜனேற்றிக் கெட்டியாக்கி கிரிஸ்கோ என்று விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். வெண்ணெய் மாதிரி நிற்கும், ஆனால் பாலும் இல்லை, ஊனும் இல்லை. இதற்காக யூத இனம் 4,000 ஆண்டுகள் காத்திருந்தது என்று நியூயார்க் ரப்பி ஒருவர் சொன்னதாக அந்த நிறுவனமே தன் விளம்பர நூலில் அச்சிட்டது. 1933ல் யித்திஷிலும் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி) ஆங்கிலத்திலுமாக யூத இல்லத்தரசிகளுக்கென்றே ஒரு செய்முறைக் கையேடும் போட்டார்கள். நம்மூரில் 1937ல் வந்த டால்டா இதே தொழில்நுட்பம்தான். (ஆங்கிலத்தில் ‘ஷார்ட்டனிங்’ எனப்படும் இவ்வகைக் கொழுப்புக்கு, அதை அப்படியே பெயர்த்த ‘குறுக்கி’ வேண்டாம். சோமாசி மாவில் காய்ச்சின டால்டாவை விட்டுப் பிசைவது எதற்கு? மைதாவின் பசை நீண்டு இழுபடாமல் நொறுங்குவதற்கு. ‘நொறுங்குகொழுப்பு’ என்றால் பலகாரம் செய்கிறவர்களுக்கு உடனே பிடிபடும்.)

நம் பக்கத்து உதாரணம் ஒன்றையும் பாடத்தில் சேர்த்திருக்கிறேன். கொங்கணக் கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்கள் செக்காட்டி எண்ணெய் எடுத்தவர்கள். சனிக்கிழமை செக்கு ஓட்டமாட்டார்கள் என்பதால் ஊரார் அவர்களைச் ‘சனிவார் தேலி’ என்றார்கள், சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்று. கொச்சி மட்டாஞ்சேரி யூதர் சமையலில் கறிக்குத் தேங்காய்ப்பால், தேங்காயெண்ணெய். ஷ்மால்ட்ஸுக்கும் கிரிஸ்கோவுக்கும் அங்கே வேலையே இல்லை. தென்னை அந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது.

இனி சொல்லுக்கு வருகிறேன்.

> நடுநிலைக் கொழுப்பு?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடுநிலை என்றால் எந்தப் பக்கமும் சாயாதது. பரேவ் அப்படி இல்லை. இறைச்சியோடு வெந்தால் அது இறைச்சி வகை ஆகிவிடும், பாலோடு வெந்தால் பால் வகை. சாயும், எந்தப் பக்கமும் சாயும்.

நான் முதலில் ‘இருசேர் கொழுப்பு’ என்று குறித்து வைத்திருந்தேன், இரண்டோடும் சேர்வது என்று. வீட்டில் வாசித்துக் காட்டினேன். “ரெண்டு சேரா? அவ்வளவு கொழுப்பு எதுக்கு?” என்று அம்மா கேட்டார். சேர் என்ற நிறுத்தலளவை இன்னும் காதில் இருக்கிறவர்களுக்கு அப்படித்தான் கேட்கும். அடித்துவிட்டேன்.

‘பொதுநெய்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எள்ளின் நெய்தான் எண்ணெய் ஆயிற்று, பழந்தமிழில் நெய் என்பது எல்லாக் கொழுப்புக்கும் பொது என்பது அவர் வாதம். வரலாறு சரி. ஆனால் இன்று சமையல்காரர் கையில் நெய் என்றால் பசுநெய், அதாவது பால்வகை. தடுக்க வேண்டிய பிழையைச் சொல்லே செய்யச் சொல்லும்.

ஆனால் அவர் எழுதியதில் ‘பொது’ என்ற பாதி என்னை விடவில்லை. நம் இலக்கணத்தில் இது ஏற்கெனவே இருக்கிறது! உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வரும் பெயரைத் தொல்காப்பியம் விரவுப்பெயர் என்கிறது, நன்னூல் பொதுப்பெயர் என்கிறது. சாத்தன் வந்தான் என்றால் ஆள், சாத்தன் வந்தது என்றால் மாடு. சாத்தன் என்ற சொல்லுக்குத் தனியாகத் திணை இல்லை. எந்த வினையோடு சேர்கிறதோ அந்தத் திணை. தேங்காயெண்ணெயும் அப்படித்தான். எந்தச் சட்டியில் விழுகிறதோ அந்த வகை. பரேவுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

ஆகவே என் முன்மொழிவு: ஊன்வகை, பால்வகை, பொதுவகை. கொழுப்பைச் சொல்லும்போது பொதுவகைக் கொழுப்பு.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். “இந்த மார்ஜரினில் பால்பொடி இருக்கிறது, ஆகவே இது பால்வகை, கறிக்கு எடுக்கக் கூடாது.” “கோழி பொரித்த எண்ணெய் ஊன்வகை ஆகிவிட்டது. பால் சேர்த்த பலகாரத்துக்கு அதை எடுக்காதீர்கள்.” “மீன் பொதுவகைதான் என்றாலும், அதை இறைச்சியோடு சேர்த்துச் சமைக்காத வழக்கம் உண்டு.” மூன்றும் எனக்குத் தடுக்கவில்லை. ‘பொதுவகை’ என்றால் சாதாரண ரகம் என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒரு சின்னப் பயம் இருக்கிறது. மூன்றும் சேர்ந்தே பட்டியலில் வருவதால் தெளிவாகிவிடும் என்று நம்புகிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. பிஸ்கட்டிலும் ரொட்டியிலும் போடும் 471 என்ற எண்ணுள்ள சேர்மானம் தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். எண்ணைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. இரண்டு நெறியினரும் அங்கே கேட்கும் கேள்வி ஒன்றே: எதிலிருந்து எடுத்தது? இதற்கு ‘மூலம்’ என்று போட்டால் நம் ஊரில் வேறு நினைவு வருகிறது, ‘தோற்றுவாய்’ லேபிளுக்கு ஒத்துவராது. ‘எடுப்பு’ என்று ஒரு யோசனை, “தாவர எடுப்பு”, “விலங்கு எடுப்பு” என்று. எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறவர்கள் யாராவது குழுமத்தில் இருந்தால், தொழிலாளர்கள் வாயில் என்ன சொல் புழங்குகிறது என்று கேட்டு எழுதுங்கள். வெள்ளிக்கிழமை பட்டியலை அனுப்புகிறேன், அதற்குள் வந்தால் சேர்த்துவிடலாம்.

அன்புடன்