அப்பச்சிக்குக் கொலஸ்டமி: கசிவு, தோல் எரிச்சல், சாப்பாடு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வளவுவீட்டுப் பிள்ளை, காரைக்குடி

அப்பச்சிக்கு மலக்குடலில் புற்றுநோய். முதலில் ரேடியேஷன் கொடுத்தார்கள், அப்புறம் மதுரையில் ஆபரேஷன். கட்டி ஆசனவாய்க்கு மிகக் கிட்டத்தில் இருந்ததால் அதையும் எடுத்துத் தைத்துவிட்டு, வயிற்றின் இடது பக்கம் குடலை வெளியே திறந்து, மலம் சேர நிரந்தரமாகப் பை வைத்திருக்கிறார்கள், இதைத்தான் கொலஸ்டமி என்கிறார்கள். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பை மாற்றுவதை ஆஸ்பத்திரியில் காட்டியபோது சுலபமாகத்தான் தெரிந்தது, இங்கே வந்ததும் பையைத் தோலோடு ஒட்டுகிற பிளேட்டின் ஓரத்தில் கசிகிறது, அதுவும் பெரும்பாலும் ராத்திரியில். சுற்றியுள்ள தோல் சிவந்து எரிகிறது என்கிறார். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று ஆத்தா கேட்கிறார்கள்.

இதைவிடப் பெரிய கவலை, அவர் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். பை நிறையக் கூடாதாம். காலையில் ஒரு இட்லி, மதியம் ரெண்டு வாய் ரசம் சாதம், ராத்திரி ஒன்றும் வேண்டாம் என்கிறார். இரண்டாங்கட்டு அறையை விட்டு வருவதே இல்லை, யாராவது பார்க்க வந்தால் தூங்குகிறார் என்று சொல்லச் சொல்கிறார். ஆசனவாய் இல்லாதபோதும் மோஷன் வருகிற மாதிரி இருக்கிறது என்று எழுந்து பாத்ரூமுக்குப் போகிறாரே, அது ஏன்? பங்காளிகள் கூடி முன்னோரைக் கும்பிடுகிற படைப்பு வேறு வருகிறது, அவர் இல்லாமல் நடந்ததே இல்லை. கூட்டிப் போகலாமா?

தேவகோட்டைக்காரன்

தம்பி, எனக்கும் இதே ஆபரேஷன்தான், பையோடு பல வருடமாக நடமாடிக்கொண்டிருக்கிறேன். முதலில் எண்ணெய் வேண்டாம். எண்ணெய், கிரீம், முகப் பவுடர், வாசனைச் சோப்பு எது பட்டாலும் பிளேட் ஒட்டாது, ஒட்டாவிட்டால் கசியும், கசிந்தால் தோல் இன்னும் புண்ணாகும். வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். ஒற்றி நன்றாக உலரவிட்டு, பிளேட்டை ஒரு நிமிடம் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துச் சூடாக்கி ஒட்டுங்கள், ஒட்டிய பிறகும் கொஞ்ச நேரம் கையால் பொத்திக்கொண்டிருக்கட்டும். காலையில் வெறும் வயிற்றில் மாற்றினால் நடுவில் மோஷன் வந்து வேலையைக் கெடுக்காது. உரிக்கும்போது மேலிருந்து கீழாக, ஒரு கையால் தோலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக.

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட வேண்டும். கனம் ஏறினால் பிளேட்டை இழுத்துவிடும், ராத்திரிக் கசிவு பாதி அதனால்தான். படுக்கப்போகும் முன் கட்டாயம் காலி செய்யச் சொல்லுங்கள். காற்று நிறைந்து பை உப்பியிருந்தாலும் அப்படியே விட வேண்டாம், பாத்ரூமில் கிளிப்பைத் திறந்து காற்றை விட்டுவிட்டு மூடலாம்.

நம் ஊர் வெயிலுக்கு வேர்வையிலேயே பிளேட் இளகும். பைகளை ஜன்னல் ஓரத்திலோ காரிலோ வைக்காதீர்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் பழக்கம் இருந்தால், புண் ஆறி டாக்டர் சரி என்ற பிறகு தலைக்கு மட்டும் வைத்து, உடம்பில் வழியாமல் பார்த்துக்கொள்ளட்டும். வேட்டியைப் பை மேல் அழுத்திக் கட்டக் கூடாது, பச்சை பெல்ட் வேண்டவே வேண்டாம். நான் கட்டைத் தொப்புளுக்கு மேலே ஏற்றிவிட்டேன், மேலே தொளதொள ஜிப்பா. கிட்டத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குக்கூடத் தெரியாது.

புதுவயல் நர்ஸ்

ஸ்டோமா (வயிற்றில் குடலை வெளியே எடுத்து வைத்த வாய்) உள்ள நோயாளிகளைப் பார்க்கிற வார்டில் வேலை செய்கிறேன். மேலே அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: பிளேட்டில் ஓட்டை எந்த அளவுக்கு வெட்டுகிறீர்கள்? ஆபரேஷன் முடிந்ததும் ஸ்டோமா வீங்கியிருக்கும், அடுத்த 6 முதல் 8 வாரத்தில் சுருங்கிக்கொண்டே வரும். டிஸ்சார்ஜ் அன்று வெட்டிக் கொடுத்த அளவிலேயே இன்னும் வெட்டிக்கொண்டிருந்தால் ஓட்டை பெரிதாகி, நடுவில் தெரிகிற தோலில் மலம் பட்டு எரியும். பெட்டியில் இருக்கும் அளவு அட்டையை வைத்து வாரம் ஒரு முறை பாருங்கள், ஸ்டோமாவைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் போதும். தோல் ஈரமாகப் புண்ணாகியிருந்தால் ஸ்டோமா பவுடரைத் தூவி, அதிகப்படியைத் தட்டிவிட்டு ஒட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஸ்டோமா வாய்க்குள் கன்னத்து உட்புறம் மாதிரி சிவந்து ஈரமாக இருப்பதுதான் சரி. அதைத் தொட்டால் வலிக்காது. துடைக்கும்போது பொட்டு ரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். ஊதாவாகவோ கறுப்பாகவோ மாறினாலும், ரத்தம் நிற்காமல் வந்தாலும், பைக்குள் ஒன்றுமே வராமல் வயிறு உப்பி வாந்தி எடுத்தாலும், காய்ச்சல் அடித்தாலும், கீழே தைத்த இடத்தில் சீழ் வைத்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மோஷன் வருகிற உணர்வு இந்த ஆபரேஷன் செய்த பலருக்கும் உண்டு. மலக்குடலை எடுத்தாலும் அங்கிருந்து தகவல் சொன்ன நரம்புப் பாதை மூளையில் இருக்கிறது. அப்பச்சி கற்பனை செய்யவில்லை, அதை அவரிடம் சொல்லுங்கள். சும்மா கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தால் சிலருக்கு அடங்கும், முக்கக் கூடாது. தையல் ஆறும்வரை தரையில் சம்மணம் வேண்டாம். நடுவில் ஓட்டை உள்ள ரிங் குஷனும் வேண்டாம், அது தையலை இழுக்கும், மெத்தென்ற தலையணை போதும். இருமும்போது வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளட்டும். தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை எதையும் தூக்க விடாதீர்கள், ஸ்டோமா பக்கத்தில் குடல் பிதுங்கி ஹெர்னியா வரும்.

இன்னொன்றும் அவரிடம் சொல்லலாம். ஒட்டிக்கொள்கிற, கழற்றித் தூக்கிப்போடுகிற இந்தப் பையை 1954-இல் யோசித்தவர் எலிசே சோரன்சன் என்ற டென்மார்க் நர்ஸ். கூடப்பிறந்தவள் ஸ்டோமா வைத்த ஆபரேஷனுக்குப் பிறகு கசிவுக்குப் பயந்து வெளியே போகவே மறுத்தாள், அவளுக்காகத்தான் யோசித்தார்.

பள்ளத்தூர் ஆச்சி

எங்கள் வீட்டுக்காரரும் இப்படித்தான் பட்டினி கிடந்தார்கள். சாப்பிடாவிட்டால் பை சும்மா இருக்கும் என்பது தப்பு. வெறும் குடலில் காற்றுதான் சேரும், புண்ணும் ஆறாது, அடுத்து கீமோ என்றால் உடம்பு தாங்காது. நேரம் தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுங்கள். வேளை ஒழுங்கானால் பைக்கு வருவதும் அநேகமாக ஒரு நேரத்துக்கு வரும், அந்த நேரத்தை வைத்துக்கொண்டுதான் அவர்கள் கடைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

இப்போதைக்கு இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், மிளகு குறைத்த ரசம், மோர், தோல் சீவிய பீர்க்கங்காய், கேரட். புண் ஆறப் புரதம் வேண்டும், பாசிப்பருப்பை நன்றாகக் குழைய விட்டுக் கொடுங்கள், அசைவம் உண்டென்றால் அவித்த மீன், கோழி ரசம். முட்டையும் மீனும் பூண்டும் சிலருக்கு நாற்றம் கூட்டும், தயிரும் மோரும் குறைக்கும். கவுனி அரிசி, மொச்சை மண்டி, முட்டைக்கோஸ், முருங்கைக்காய்ச் சக்கை கொஞ்ச நாள் போகட்டும். புதிதாக ஒன்று கொடுத்தால் ரெண்டு நாள் பார்த்துவிட்டு அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தேட முடியாது. மெதுவாக மென்று சாப்பிடச் சொல்லுங்கள். தண்ணீரையும் குறைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள், கட்டியாகிப் போனால் அது வேறு அவஸ்தை.

வளவுவீட்டுப் பிள்ளை, காரைக்குடி

எல்லோருக்கும் நன்றி. அளந்து பார்த்தோம், ஸ்டோமா சுருங்கித்தான் இருக்கிறது, அட்டைப்படி வெட்டி ஒட்டியதில் ராத்திரி கசியவில்லை. அந்த டென்மார்க் நர்ஸ் கதையைச் சொன்னதும் கூடப்பிறந்தவளுக்கு அப்புறம் எப்படி இருந்தது என்று கேட்டார். இப்போது தானே மாற்ற வேண்டும் என்கிறார், ஆத்தா செய்வதுதான் அவருக்குக் கூச்சம் போல. ஆனால் தொப்பை மறைக்கிறது, கீழ்ப் பாதி தெரியவில்லை, கையும் லேசாக நடுங்குகிறது.

தேவகோட்டைக்காரன்

விடுங்கள், அவரே செய்யட்டும். சவரக் கண்ணாடியை மேஜையில் சாய்த்து வைத்து எதிரே நிற்கச் சொல்லுங்கள், வெளிச்சம் முன்பக்கமிருந்து விழ வேண்டும். ஓட்டையை நீங்கள் முன்னாலேயே வெட்டி நாலைந்து தயாராக வைத்துவிடுங்கள், ஒட்டுவது மட்டும் அவர் வேலை. தரையில் பழைய துண்டு விரித்துக்கொள்ளுங்கள், ஆத்தங்குடிக் கல்லில் ஈரம் இருந்தால் வழுக்கும்.

படைப்புக்கு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கூட்டிப் போங்கள். முழு நாள் வேண்டாம், கும்பிட்டுச் சாப்பிட்டுக் கிளம்பிவிடுகிற மாதிரி. முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று, பாத்ரூமுக்குக் கிட்டத்து அறை ஒன்று, இரண்டையும் முந்தின நாளே சொல்லி வையுங்கள். சின்னப் பையில் வெட்டிய பிளேட், பை, துணி, தண்ணீர் பாட்டில், பழைய பேப்பர், கறுப்புக் கவர், ஒரு மாற்று வேட்டி. பழைய பையைக் கழிவறைக்குள் போடாமல் பேப்பரில் சுற்றிக் கவரில் போட்டுக் குப்பையில் சேர்த்துவிடலாம். விருந்துக்கு நேரமாகும், அதனால் வீட்டிலேயே ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.